மலிவு விலையில் சோல், ஃபங்க் தொகுப்புத் தட்டுகள்: பின்னட்டையைப் படித்து வாங்கும் வழி

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை; பலர் பாடியதை ஒரே இசைத்தட்டில் சேர்த்தால் அது தொகுப்பு. நான் வாங்கிய முதல் சோல் தொகுப்பின் விலை 1 பவுண்டு. கிழக்கு லண்டனில், தர்மகாரியத்துக்காகப் பழைய பொருள் விற்கும் ஒரு சாரிட்டி ஷாப்பின் மூலையில், பழைய கிறிஸ்துமஸ் பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே கிடந்தது. அட்டையில் 22 பாட்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பாட்டு ஒன்றுக்கு 5 பென்ஸ்கூட ஆகவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். முள்ளை வைத்தால் பக்கத்து வீட்டில் யாரோ பாடுவதுபோல் மெலிசாக வந்தது சத்தம். கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடியது. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் சேர்ந்து ஏறத் தொடங்கும் இடத்தில் பாட்டை அமுக்கி அடுத்ததைத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது பாட்டைப் பாடியது அட்டையில் பெயர் போட்டிருந்த அதே ஆள்தான். ஆனால் பல வருடம் கழித்து, பின்னணியில் கீபோர்டை வைத்துக்கொண்டு, களைத்த குரலில் பாடியது.

அதற்கப்புறம் அதே விலைக்கு அருமையான தட்டுகளும் கிடைத்திருக்கின்றன. எந்தத் தட்டும் காரணமில்லாமல் மலிவாக இருப்பதில்லை. சில காரணங்கள் காதைப் பாதிக்காது: லட்சக்கணக்கில் விற்றதால் இன்று எங்கும் கிடைக்கிறது, அல்லது கம்பெனி தன் சரக்கை விளம்பரப்படுத்த அடிவிலைக்கு விட்டது. வேறு சில காரணங்கள் பாட்டையே கெடுத்துவிடும். எது எந்த ரகம் என்பது பெரும்பாலும் பின்னட்டையிலேயே எழுதியிருக்கிறது. கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் அதைப் படிப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

தொகுப்பா, சீச்சீ என்று மூக்கைச் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. சோல் விஷயத்தில் அந்த இளக்காரம் பொருந்தாது. 1960-களின் சோல் 45 சுற்று வேகச் சின்னத் தட்டுகளுக்காகவே செய்த இசை. பக்கத்துக்கு ஒரு பாட்டு, இரண்டரை மூன்று நிமிடம், முடிந்தது. அன்றைய சோல் ஆல்பங்கள் பலவற்றில் இரண்டு ஹிட் பாட்டுகளைச் சுற்றி இட்டு நிரப்பியதுதான் மிச்சம். அதனால் நல்ல தொகுப்பு பல சமயம் ஆல்பத்தைவிடக் கேட்க நன்றாகவே இருக்கும். சின்னத் தட்டுகளையே தேடிப் போவதென்றால் செலவுக்கு எல்லை கிடையாது. ஃபிராங்க் வில்சன் 1965-இல் மோடவுன் கம்பெனிக்காகப் பாடிய 'டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)' சின்னத் தட்டின் ஒரு பிரதி 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. அதே பாட்டு பின்னாளில் வந்த எத்தனையோ தொகுப்புகளில் இருக்கிறது.

படி 1: பாட்டை எண்ணுங்கள், நிமிடத்தைக் கூட்டுங்கள்

தட்டைத் திருப்பிப் பிடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்துக்கு எத்தனை பாட்டு என்பதை. 12 அங்குலத் தட்டில் பாட்டைச் செதுக்கக் கிடைக்கும் பட்டையின் அகலம் சுமார் எட்டரை சென்டிமீட்டர். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் என்றால் ஏறத்தாழ 667 சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் 0.13 மில்லிமீட்டர் இடம். அதே பக்கத்தில் 28 நிமிடத்தைத் திணித்தால் 933 சுற்று, சுற்றுக்கு 0.09 மில்லிமீட்டர். பள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க, செதுக்குபவருக்கு இருக்கும் வழிகள் இரண்டே: ஒலியைக் குறைப்பது, அடித்தாளத்தை வெட்டுவது. பேஸ் கிட்டார்தானே பள்ளத்தை அதிகம் ஆட்டி அகலமாக்குகிறது! சோலிலிருந்து பிறந்த, தாளமே பிரதானமான ஃபங்க்கில் பேஸ் போனால் அது உப்பில்லாத சாம்பார்.

இந்தத் திணிப்பில் பேர்பெற்றது கே-டெல். கனடாவின் வின்னிபெக் நகரத்தில் ஃபிலிப் கைவ்ஸ் தொடங்கிய கம்பெனி. தொலைக்காட்சியில் சமையலறைச் சாமான்களைக் கூவி விற்றவர், 1966-இல் 25 கன்ட்ரி பாட்டுகளை ஒரே தட்டில் போட்டு அதே பாணியில் விற்றார். அது பிடித்துக்கொண்டது. 1973-இல் வந்த 'சூப்பர் பேட்' போன்ற சோல் தொகுப்புகளும் அந்த வழிவந்தவையே. பாட்டுத் தேர்வில் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து ரேடியோவை அப்படியே பெட்டியில் அடைத்ததுபோல் இருக்கும். ஆனால் இருபது பாட்டுக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பாட்டுகளையே கத்தரித்தார்கள். ஊரில் கேசட் கடையில் பட்டியல் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கியவர்களுக்கு இந்த வலி தெரியும்: பக்கம் முடியும்போது கடைசிப் பாட்டு சரணத்தோடு நின்றுவிடும். இவர்கள் எல்லாப் பாட்டுக்கும் அதையே திட்டமிட்டுச் செய்தார்கள்.

என் கணக்கு: மூன்று நிமிட சோல் பாட்டுகள் என்றால் தட்டுக்கு 12 முதல் 16 வரை சரி. 18 என்றால் யோசியுங்கள். 20-க்கு மேல் போனால் விருந்தில் பின்னணிக்கு ஓடட்டும், உட்கார்ந்து கேட்க வேண்டாம். பாட்டின் நேரம் பின்னட்டையில் இல்லையென்றால் நடு லேபிளைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால், சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்தின் கடைசிப் பாட்டு எது என்பதையும் பாருங்கள். முள்ளுக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் தட்டின் விளிம்பில் விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர். லேபிளை நெருங்கும்போது அது 21-க்கு இறங்கிவிடும். அதே ஒலியை அதைவிடச் சின்ன இடத்தில் எழுத வேண்டியிருப்பதால் 'ஸ', 'ஷ' ஓசைகள் சிதறும். உங்களுக்கு உயிரான பாட்டு அங்கே மாட்டியிருந்தால் அந்தத் தொகுப்பை விட்டு வேறொன்றைப் பார்ப்பது நல்லது.

படி 2: உங்களுக்கு வேண்டியது சோலா, ஃபங்கா?

கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில்தான் போடுவார்கள். வாங்குபவர் பிரித்துப் பார்க்க வேண்டும். சோல் பாட்டுக்குத் தொகுப்பில் பெரிதாக நட்டமில்லை, அது பிறந்ததே மூன்று நிமிடத்துக்காக. ஃபங்க் அப்படியில்லை. ஒரே தாளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஆறாவது நிமிடத்தில்தான் அது உடம்புக்குள் இறங்கும்.

ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' இதற்குச் சரியான சான்று. 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவானது, 1970-இல் சின்னத் தட்டின் இரு பக்கங்களில் இரண்டு துண்டாக வந்தது. கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாக டிரம்ஸ் அடிக்கும் சில விநாடிகளை ஹிப்-ஹாப் ஆட்கள் எண்ணற்ற முறை எடுத்தாண்டார்கள். அந்த இடம் முழுப் பதிவில் ஐந்து நிமிடம் தாண்டித்தான் வரும். பாட்டின் முதல் பாகத்தை மட்டும் போட்டுவிட்டு 'ஃபங்கி டிரம்மர்' என்று பெயரெழுதும் தொகுப்பை வாங்குவது, கல்யாணத்துக்குப் போய்ப் பந்திக்கு முன்பே திரும்பி வருவது மாதிரி. பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் 'பார்ட் 1' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இதே பாட்டு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் வடிவில் கேட்க, 1986-இல் பாலிடோர் வெளியிட்ட 'இன் தி ஜங்கிள் க்ரூவ்' தொகுப்பு இருக்கிறது. டிரம்ஸ் பகுதியை மட்டும் சுற்றவிட்ட தனி வடிவமும் அதில் உண்டு. தொகுப்பு என்ற சொல்லுக்கே மானத்தை மீட்டுக் கொடுத்த தட்டு அது. அதே ஆண்டு வந்த 'ஜேம்ஸ் பிரவுன்ஸ் ஃபங்கி பீப்பிள்' தொகுப்பில் லின் காலின்ஸ் போல அவர் குழுவில் இருந்தவர்களின் பாட்டுகள் கிடைக்கும்.

ஆகவே ஃபங்க் தொகுப்பில் பாட்டு குறைந்தால் நல்லது. எட்டு, ஒன்பது பாட்டு உள்ள தட்டைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 1977-இல் வந்த 'ஃபிலடெல்ஃபியா கிளாசிக்ஸ்' இரட்டைத் தட்டு கே-டெல்லுக்கு நேர் எதிர். ரீமிக்ஸ் கலைஞர் டாம் மோல்ட்டன் பாட்டுகளை வெட்டுவதற்குப் பதில் நீட்டினார். அதில் எம்எஃப்எஸ்பி குழுவின் 'லவ் இஸ் தி மெசேஜ்' 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். லண்டனில் மார்கன் கான் 1982-இல் தொடங்கிய ஸ்ட்ரீட் சவுண்ட்ஸ் வரிசையும் இந்த ரகம்தான். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான 12 அங்குல சிங்கிள்களை (ஒற்றைப் பாட்டுத் தட்டுகளை) தனித்தனியே வாங்கக் காசில்லாத பையன்களுக்கு, அவற்றின் நீண்ட வடிவங்களை ஒரே தட்டில் கொடுத்தார்கள். பிரிட்டனில் இன்றும் மலிவாக, நிறைய கிடைக்கிறது. ஒலியும் மோசமில்லை.

படி 3: முதலாளி யார்?

தொகுப்பில் எந்தப் பாட்டு இருக்கும், எது இருக்காது என்பதை ரசனையைவிட ஒப்பந்தங்களே தீர்மானிக்கின்றன. இதில் ஸ்டாக்ஸின் கதையைத் தெரிந்துவைத்திருந்தால் பணம் மிச்சம்.

மெம்ஃபிஸ் நகரத்தில் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய கம்பெனி ஸ்டாக்ஸ். ஓடிஸ் ரெடிங், சாம் அண்ட் டேவ், புக்கர் டி எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். நாடெங்கும் தட்டுகளைக் கொண்டுசேர்க்கும் வேலையை நியூயார்க்கின் அட்லாண்டிக்கிடம் விட்டிருந்தார்கள். அட்லாண்டிக்கை வார்னர் வாங்கிய பிறகு, 1968-இல் அந்த உறவு முறிந்தது. அப்போதுதான் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவு ஸ்டூவர்ட்டுக்குத் தெரியவந்தது: அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகளின் உரிமை அட்லாண்டிக்குக்கே. ஓடிஸ் ரெடிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்துபோயிருந்தார். கையில் மிஞ்சியது பெயரும் கட்டடமும். ஆனாலும் எழுந்தார்கள். ஐசக் ஹேய்ஸ், ஸ்டேப்பிள் சிங்கர்ஸ், ஜானி டெய்லர் ஆகியோரின் பெரிய வெற்றிகள் அதற்குப் பிறகானவை. 1975 இறுதியில் திவாலானது. பின்னர் அந்தப் பிற்காலச் சரக்கு ஃபேன்டசி கம்பெனிக்கும், 2004-இல் கான்கார்டுக்கும் போனது.

கடையில் இதனால் என்ன பயன்? 'ஸ்டாக்ஸின் சிறந்த பாடல்கள்' என்று எழுதிய மலிவுத் தட்டில் ஓடிஸும் ஐசக் ஹேய்ஸும் ஒன்றாக இருப்பது அபூர்வம். விரலைச் சொடுக்கும் ஸ்டாக்ஸ் சின்னம் இருந்தால் பெரும்பாலும் 1968-க்குப் பிந்தைய சரக்கு. முந்தையது வேண்டுமென்றால் அட்லாண்டிக் பெயரைத் தேடுங்கள். எல்லாம் அடங்கிய ஒரே தட்டுக்காக அலைவதைவிட கம்பெனிக்கு ஒன்றாக இரண்டு மலிவுத் தட்டு வாங்கினால் கதை முழுமையாகும்.

அட்லாண்டிக் பக்கம் என் பரிந்துரை 1968-இல் பிரிட்டனில் வந்த 'திஸ் இஸ் சோல்'. ஜிக்சா புதிர்த் துண்டுகள்போல் பாடகர்களின் படங்கள் உள்ள அட்டை, எளிதில் அடையாளம் தெரியும். மொத்தம் 12 பாட்டு. 'மஸ்டாங் சாலி', 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்', 'நாக் ஆன் வுட்' மூன்றும் அதில் உண்டு. ரசிகர்களை இழுக்கக் குறைந்த விலைக்கு விட்டதால் ஏராளமாக விற்றது, அதனால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. கம்பெனி தன் சொந்த மாஸ்டர் டேப்பிலிருந்து (மூலப் பதிவு நாடாவிலிருந்து) போட்ட விளம்பரத் தட்டு என்றால் பயப்படாமல் வாங்கலாம்.

மோடவுனுக்கு இதைவிடச் சுலபம், எல்லாம் ஒரே வீட்டுச் சொத்து. பிரிட்டனில் 1967 முதல் வந்த 'மோடவுன் சார்ட்பஸ்டர்ஸ்' வரிசை தட்டுக்கு 16 பாட்டு. 1969-இல் வந்த மூன்றாம் தொகுதி வெள்ளித்தாள்போல் பளபளக்கும் அட்டையோடு இருக்கும். பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மார்வின் கேயின் 'கிரேப்வைன்' பாட்டு அதில்தான். ஒரே ஒரு சோல் தட்டுதான் வாங்குவேன் என்று யாராவது சொன்னால் இதைக் கையில் கொடுப்பேன். ஒரு சிக்கல்: வீட்டுக்கு வீடு கூத்தடித்துத் தேய்த்த தட்டு இது. சுத்தமான பிரதி கிடைக்கும்வரை பொறுங்கள், கட்டாயம் கிடைக்கும். ஆறாம் தொகுதியின் அட்டையை வரைந்தவர் யெஸ் என்ற ராக் குழுவின் அட்டைகளால் பேர்பெற்ற ரோஜர் டீன். விண்கலம்போல் ஏதோ பறக்கிறது. உள்ளே இருக்கும் இசைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படி 4: பாடியது அந்த ஆள்தானா, அந்தப் பதிவுதானா?

இங்கே ஏமாற்றில் மூன்று அடுக்கு உண்டு.

முதலாவது, முகம் தெரியாத நகல் பாடகர்கள். அட்டையில் பாட்டுப் பெயர்கள் பெரிதாக இருக்கும், பாடியவர் பெயர் எங்குமே இருக்காது. 1960-களின் இறுதியில் பிரிட்டனில் இது பெரிய தொழில். எல்டன் ஜான்கூடப் புகழ் பெறும் முன் இப்படிக் கூலிக்குப் பாடியவர். ஸ்டீவி வொண்டர் பாட்டையும் விட்டுவைக்கவில்லை. வேடிக்கைக்கு வாங்கலாம், சோலுக்காக வேண்டாம்.

இரண்டாவதுதான் விஷமம். 'ஒரிஜினல் ஆர்டிஸ்ட்ஸ்' என்று எழுதியிருக்கும், ஆனால் 'ஒரிஜினல் ரெக்கார்டிங்ஸ்' என்று இருக்காது. பழைய பதிவின் உரிமை பழைய கம்பெனியிடம் இருக்கும்போது, பாடகரையே கூப்பிட்டு அதே பாட்டைத் திரும்பப் பாடவைத்துக் குறைந்த செலவில் தொகுப்புப் போடுவது அந்தத் தந்திரம். பாவம், பாடகருக்கும் காசு வேண்டுமே. 'ரீ-ரெக்கார்டட்' என்ற சொல் எறும்பளவு எழுத்தில் அட்டையின் அடியில் ஒளிந்திருக்கும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு போங்கள். நல்ல அடையாளம் ஒன்று உண்டு: வேறுவேறு கம்பெனிகளின் பாட்டுகளைச் சேர்த்த தொகுப்பில், ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே எந்தக் கம்பெனியின் அனுமதியோடு, எந்த ஆண்டுப் பதிவு என்று தனித்தனியாக எழுதியிருந்தால் பெரும்பாலும் அசல்.

மூன்றாவது, அசல் பதிவைக் கெடுத்த போலி ஸ்டீரியோ. மோனோவில், அதாவது ஒரே தடமாகப் பதிந்த பாட்டின் கீழ்சுரங்களை ஒரு பக்கமும் மேல்சுரங்களை இன்னொரு பக்கமும் தள்ளி, 'எலக்ட்ரானிக்கலி ரீபிராசஸ்டு ஸ்டீரியோ' என்று எழுதினார்கள். குளியலறையில் பாடுவதுபோல் கேட்கும். மோனோ என்று நேர்மையாகப் போட்ட தட்டுக்கு முன்னுரிமை கொடுங்கள். 1960-களின் சோல் சிங்கிள்கள் பெரும்பாலும் மோனோவுக்காகவே கலந்தவை, டிரான்சிஸ்டர் ரேடியோவில் அறைந்ததுபோல் கேட்கவேண்டும் என்பதற்காக.

படி 5: புத்தம்புதிய மலிவுத் தட்டா? 1962 என்ற கோட்டைப் பாருங்கள்

பெரிய கடைகளில் பளபளப்பான உறையில் 'சோல் கிளாசிக்ஸ்' என்று புதுத் தட்டுகள் மற்றவற்றில் பாதி விலைக்குக் கிடைக்கும். பாட்டுகளின் ஆண்டைப் பாருங்கள்: எல்லாம் 1962-க்குள் நின்றுவிடும். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை முன்பு 50 ஆண்டு. 2013-இல் 70 ஆக நீட்டினார்கள். ஆனால் அதற்குள் காலாவதியாகியிருந்த, அதாவது 1962 வரை வெளியான பதிவுகளுக்கு உரிமை திரும்ப வரவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

ஆகவே இவற்றில் கிடைப்பது சோலின் பிள்ளைப்பருவம்: ரே சார்ல்ஸ், சாம் குக், பாரெட் ஸ்ட்ராங்கின் 'மணி' (1959), மார்வலெட்ஸின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' (1961), புக்கர் டி குழுவின் 'கிரீன் ஆனியன்ஸ்' (1962). மோசமான பட்டியல் இல்லை. ஆனால் மாஸ்டர் டேப் அவர்களிடம் இருக்காது, சிடியிலிருந்தோ பழைய தட்டிலிருந்தோ எடுத்திருக்கலாம். அட்டையில் மோடவுன் என்று பெரிதாகப் போட்டாலும் சுப்ரீம்ஸின் பெரிய ஹிட்டுகளோ டெம்டேஷன்ஸின் 'மை கேர்ள்' பாட்டோ அங்கே இருக்க வழியில்லை, அவை 1964 முதல் வந்தவை. ஃபங்க்குக்கும் இதே கதிதான். அதன் பிறப்பை ஜேம்ஸ் பிரவுனின் 1965 பதிவுகளிலிருந்துதான் பொதுவாக எண்ணுவார்கள். ஆக, இந்த வழியில் வரும் மலிவு 'ஃபங்க்' தட்டு எதுவாக இருந்தாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் என்றதும் இன்னொன்று. 1986 முதல் 1991 வரை நியூயார்க்கில் லெனி ராபர்ட்ஸும் லூ ஃப்ளோரஸும் வெளியிட்ட 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' வரிசை, 25 தொகுதி. டிஜேக்களுக்காகச் செய்தது, உரிமை விவகாரமெல்லாம் மங்கல். முதல் தொகுதியில் வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969-ஆம் ஆண்டு 'ஆமென், பிரதர்' பாட்டு இருக்கிறது. கிரெகரி கோல்மன் அதில் அடித்த சுமார் ஏழு விநாடி டிரம்ஸ், பின்னாளில் ஜங்கிள் என்ற வேக நடன இசைக்கே முதுகெலும்பானது. ஆனால் இந்தத் தட்டில் அந்த இடத்தை வேண்டுமென்றே வேகம் குறைத்து வைத்திருக்கிறார்கள், டிஜேக்களின் வசதிக்காக. வரலாற்றுப் பொருளாக அதற்கு மதிப்பு உண்டு. பாட்டை இசைத்தபடியே கேட்க இது உதவாது. இந்த வரிசைக்கே கள்ளப் பதிப்புகளும் சுற்றுகின்றன, விலை அதிகம் என்றால் கொடுக்காதீர்கள்.

படி 6: தட்டை வெளியே எடுங்கள்

உறையைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். உள்ளே வேறு தட்டு இருந்த அனுபவம் எனக்கு மூன்று முறை. தொகுப்புகள் விருந்துகளில் ஓடியவை. எல்லாரும் கேட்ட ஹிட் பாட்டின் பட்டையில் மட்டும் பளபளப்புக் குறைந்து சாம்பல் பூத்திருக்கும். விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். மெல்லிய முடிக்கீறலுக்குப் பயப்பட வேண்டாம். நகத்தை லேசாக ஓட்டும்போது தட்டுப்படும் கீறல்தான் டிக் டிக் என்று அடிக்கும், அல்லது ஒரே இடத்தில் மாட்டும். தட்டு வளையும் அளவு மெலிசாக இருப்பது தனியாக ஒரு குறை இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் மூலப்பொருள் தட்டுப்பாடு வந்தபோது நல்ல கம்பெனிகளும் மெல்லிசாகத்தான் அச்சடித்தன. கண்மட்டத்தில் பிடித்து நெளிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அட்டையில் ஷில்லிங்கில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் கிழிக்க வேண்டாம். பிரிட்டன் 1971 பிப்ரவரியில் தசம நாணயத்துக்கு மாறியது, அதற்கு முன் வந்த பிரதி என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சி.

இணையத்தில் டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுச் சந்தை வழியாக வாங்குவதென்றால் தட்டைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடும். ஒரே விற்பனையாளரிடம் ஐந்தாறு தொகுப்பாகச் சேர்த்து எடுங்கள். தரம் 'விஜி ப்ளஸ்' (வெரி குட் ப்ளஸ், நல்ல நிலையில் உள்ள பழைய தட்டு) என்று போட்டிருந்தால் ஒலித்துப் பார்த்துச் சொன்னதா, கண்ணால் மட்டும் பார்த்ததா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு படி குறைத்தே மதிப்பிடுங்கள்.

படி 7: கழுவிவிட்டுக் கேளுங்கள்

1 பவுண்டுத் தட்டில் பாதி இரைச்சல் அழுக்குதான். காய்ச்சி வடித்த நீரில் இரண்டொரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பது, பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் இன்னொரு முறை. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் படியும். லேபிள் நனையக் கூடாது. கழுவிய தட்டைப் பழைய காகித உறையில் திரும்பப் போட்டால் கழுவியதே வீண், புது உறை வாங்கிவிடுங்கள்.

இன்றைய சாதாரணக் காந்த கார்ட்ரிட்ஜ்களுக்கு (முள்ளைத் தாங்கும் பாகம்) முள்ளின் அழுத்தம் 2 கிராமை ஒட்டி இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தராசு வைத்துச் சரிபாருங்கள். இந்தத் தட்டுகள் அந்தக் காலத்தில் இரண்டு மூன்று மடங்கு கனத்த, உருண்டை முனை முட்களில் தேய்ந்தவை. நீள்வட்ட முனை உள்ள முள் பள்ளத்தின் சுவரில் வேறு இடத்தைத் தொடுவதால், செத்துப்போனது என்று ஒதுக்கிய தட்டும் சில சமயம் பேசும். தொகுப்புக்குத் தொகுப்பு ஒலியளவு மாறும், அடுத்த தட்டைப் போடும் முன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். திணித்த 22 பாட்டுத் தட்டுக்கு ஏற்றிவைத்த அளவிலேயே 'இன் தி ஜங்கிள் க்ரூவ்' தட்டை ஓடவிட்டு, மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார்.